நிறம் பார்த்துக் கோழியின் இனம் அறிவது: வரிசைப்படி ஒரு முழுமையான வழிகாட்டி

மதகடிப்பட்டு சந்தையிலோ பண்ருட்டிப் பக்கத்து வாரச்சந்தையிலோ கறுப்புக் கோழி கண்ணில் பட்டால் உடனே "கருங்கோழி, கடக்நாத்" என்று விலை ஏறிவிடுகிறது. சிவப்பாக இருந்தால் "ரோட் ஐலண்ட்". கழுத்து நீண்டிருந்தால் "ஒரிஜினல் அசில்" (சண்டைக்கோழி இனம்). வாங்கிப் போனவர் ஆறு மாதம் கழித்து, ஏன் அடை உட்காரவில்லை, ஏன் குஞ்சு வேறு நிறத்தில் பொரிக்கிறது என்று கேட்டு வருகிறார்.

ஒரே நிறம் ஏழெட்டு இனங்களில் வரும். ஒரே இனம் ஏழெட்டு நிறங்களில் வரும். ஆகவே நிறத்தில் தொடங்கினால் பெரும்பாலும் தப்பாகத்தான் முடியும். உடல், கொண்டை, கால், தோல் ஆகியவற்றைப் பார்த்து வாய்ப்புகளை இரண்டு மூன்றாகக் குறைத்த பிறகு நிறத்துக்கு வர வேண்டும். அப்போது நிறம் நன்றாகவே பேசும். கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள்.

1. முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டியவை

தொங்கு தராசு ஒன்று (5 கிலோ வரை காட்டினால் போதும்), ஒரு சாக்கு அல்லது துணிப்பை, வெள்ளை வேட்டித் துண்டு, செல்போன், நோட்டு. பழகாத கோழியாக இருந்தால் பிடித்துக்கொள்ள இன்னொரு ஆள்.

பகலில் துரத்திப் பிடிக்க வேண்டாம். மிரண்ட கோழியின் முகமும் கொண்டையும் நிறம் மாறித் தெரியும், இறகும் கொட்டும். விடியற்காலையில் கூண்டைத் திறப்பதற்கு முன்பே கையில் எடுத்துப் பஞ்சாரத்தில் கவிழ்த்து வைத்துவிடுங்கள். வெளிச்சம் வந்தபின் பார்க்கலாம்.

காலை 7 முதல் 9 மணி வரை, திறந்த வெளியில், நிழலில் நின்று பாருங்கள். நீலத் தார்ப்பாய்க்குக் கீழே பார்த்தால் சாம்பல் நிறக் கோழி கறுப்பாகத் தெரியும். மஞ்சள் பல்ப் வெளிச்சத்தில் வெள்ளைக் கால் மஞ்சளாகிவிடும். நேர் வெயிலில் கறுப்பு இறகின் பச்சை மினுமினுப்பு மட்டும் கண்ணைப் பறிக்கும், மற்றது எதுவும் தெரியாது. போட்டோ எடுக்கும்போது பின்னால் வெள்ளைத் துண்டைப் பிடிப்பதும் இதற்காகத்தான். துண்டு போட்டோவில் வெள்ளையாக வந்திருந்தால் கோழியின் நிறத்தையும் நம்பலாம்.

ஐந்து போட்டோ எடுங்கள்: பக்கவாட்டில் முழு உடல், தலை நெருக்கத்தில், விரித்த இறக்கை, கால், உள்ளங்கால். ஐந்தாவதை யாரும் எடுப்பதில்லை. அது எதற்கு என்பது ஐந்தாம் பகுதியில் வருகிறது.

2. இந்தக் கோழியை இப்போது பார்க்கலாமா?

குஞ்சின் பஞ்சு உதிர்ந்து முதல் இறகு முளைக்கும், அதுவும் உதிர்ந்து வேறு இறகு வரும். முழு நிறம் ஏறி நிற்க ஐந்து ஆறு மாதம் ஆகும். இரண்டு மாத விடைக்கோழியின் நிறத்தை வைத்து இனம் சொல்கிறவர் ஊகம்தான் சொல்கிறார்.

அடை காத்துக் குஞ்சு வளர்த்து முடித்த கோழி இறகு உதிர்க்கும். அதற்குச் சற்று முன்னால் பழைய இறகு வெளுத்துக் கிடக்கும். கறுப்பு, துருப்பிடித்த பழுப்பாகும். வெள்ளை, மஞ்சளடிக்கும். இப்படிப்பட்ட கோழியில் இறக்கையை விரித்து, மடிப்புக்குள் வெயில் படாமல் மறைந்திருந்த இறகைப் பாருங்கள். உண்மையான நிறம் அங்கேதான் இருக்கும்.

நெல்லிக்குப்பம், பண்ருட்டி, நெய்வேலிப் பக்கத்துச் செம்மண்ணில் புரளும் வெள்ளைக் கோழிக்கு வயிறும் தொடையும் செம்மை ஏறியிருக்கும். ஈரத்துணியால் ஒரு இடத்தைத் துடைத்தால் தெரிந்துவிடும். மழைக்காலத்தில் நனைந்த கோழியைக் காயவிட்டுத்தான் பார்க்க வேண்டும்.

தெருவில் கூடையில் வைத்து விற்கும் பச்சை, ரோஸ், நீலக் குஞ்சுகள் சாயம் போட்டவை. பெரும்பாலும் முட்டைப் பண்ணைக்குத் தேவைப்படாத சேவல் குஞ்சுகள் அவை. இறகு முளைத்ததும் வெள்ளையாகிவிடும். "கலர் குஞ்சு வாங்கினேன், வெள்ளையாகிவிட்டது, என்ன நோய்?" என்பது அடிக்கடி வரும் கேள்வி. நோயில்லை, சாயம் போனது அவ்வளவுதான்.

3. எடையும் நிற்கும் விதமும்

சாக்கில் போட்டுத் தராசில் தொங்கவிடுங்கள். கையால் தூக்கிச் சொல்லும் எடையில் இறகு ஏமாற்றும். சிறுவிடை (சிறிய உடம்பு நாட்டுக்கோழி) கையில் கனமாகத் தோன்றும், பெருவிடை (பெரிய உடம்பு வகை) ஒல்லியாகத் தோன்றும்.

ஒரு கிலோ முதல் ஒன்றரைக் கிலோ வரை: சிறுவிடை நாட்டுக்கோழி, கடக்நாத், முட்டைப் பண்ணையிலிருந்து கழிக்கப்பட்ட வெள்ளை லேயர் (முட்டைக்காகவே வளர்க்கும் கோழி). ஒன்றே முக்கால் முதல் இரண்டே கால் வரை: பழுப்பு நிற லேயர், பலவிதக் கலப்புகள். இரண்டரைக்கு மேல்: பெருவிடை அல்லது அசில், ரோட் ஐலண்ட் ரெட், ஆஸ்ட்ரலார்ப், வனராஜா, கிரிராஜா போன்ற மேம்படுத்தப்பட்டவை. இந்த எல்லைகள் தோராயமானவை, தீனி நன்றாகக் கிடைத்த கோழி அடுத்த வரிசைக்குப் போய்விடும்.

பிறகு தரையில் விட்டுப் பத்தடி தள்ளி நின்று பாருங்கள். அசில் நிமிர்ந்து நிற்கும். முதுகு தோளிலிருந்து வாலை நோக்கிச் சரியும், வால் தாழ்ந்திருக்கும், கழுத்து நீளம், இறகு உடம்போடு ஒட்டியிருக்கும். கையில் பிடித்தால் சதை கெட்டி. சிறுவிடையும் லேயரும் முதுகை ஏறக்குறையக் கிடையாக வைத்து வாலைத் தூக்கி நடக்கும். ரோட் ஐலண்ட் செங்கல்லை நீளவாக்கில் வைத்ததுபோல இருக்கும், நீண்ட நேரான முதுகு.

4. கொண்டை, காது மடல், அலகு

ஒற்றைத் தகடாக, பல் பல்லாக வெட்டுப்பட்டு நிற்பது ஒற்றைக் கொண்டை. சிறுவிடை, லேயர், ரோட் ஐலண்ட், கடக்நாத், ஆஸ்ட்ரலார்ப் எல்லாவற்றுக்கும் இதுதான் வழக்கம். தலையோடு ஒட்டி மூன்று வரிசையாகச் சின்னச் சின்னப் புடைப்பாக இருப்பது பட்டாணிக் கொண்டை, தட்டைக் கொண்டை என்றும் சொல்வோம். அசிலுக்கு இதுதான். அசில் பெட்டைக்குத் தாடி (அலகுக்குக் கீழே தொங்கும் சதை) இல்லை என்றே சொல்லலாம்.

"அசில்" என்று விற்கப்படும் கோழிக்கு நிமிர்ந்த ஒற்றைக் கொண்டை இருந்தால் அது கலப்பு. இதில் வாதாட இடமில்லை. தட்டைக் கொண்டை இருந்தாலே அசில் என்று திருப்பிச் சொன்னால் தவறிவிடும் என்பதையும் கவனியுங்கள். பட்டாணிக் கொண்டை அமைப்பு ஒற்றைக் கொண்டையை மறைத்துக்கொண்டு முதல் தலைமுறையிலேயே வந்துவிடும். அதனால் அரைக் கலப்புக் கோழிக்கும் அசில் போலவே தட்டைக் கொண்டை இருக்கலாம்.

காது மடல் என்பது காதுத் துளைக்குக் கீழே தொங்கும் சின்னத் தோல். லெகார்ன், மினார்க்கா இனங்களுக்கு அது பளிச்சென்ற வெள்ளை. ரோட் ஐலண்ட், ஆஸ்ட்ரலார்ப், அசில் இவற்றுக்குச் சிவப்பு. நாட்டுக்கோழியில் சிவப்பில் வெள்ளை திட்டுத் திட்டாக இருக்கும், எதுவும் வரலாம்.

அலகு நுனி மழுங்க வெட்டப்பட்டிருந்தால் அது பண்ணையிலிருந்து வந்த கோழி. வீட்டில் பொரித்த குஞ்சுக்கு யாரும் அலகு வெட்டுவதில்லை. இதைப் பார்த்தபின் "எங்கள் கொல்லையில் வளர்ந்த நாட்டுக்கோழி" என்ற பேச்சை மேலே கேட்க வேண்டியதில்லை.

5. கால், உள்ளங்கால், தோல்

புதிதாகப் பழகுகிறவர்கள் அவசரமாகக் கடந்துபோவது இந்தப் பகுதியை. தகவல் அதிகம் இருப்பதும் இங்கேதான்.

காலின் நிறம் இரண்டு அடுக்குகளின் கூட்டு. மேல்தோலில் மஞ்சள் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அதற்கு அடியில் உள்ள தோலில் கறுப்பு இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். மேலே மஞ்சள் மட்டும் இருந்தால் மஞ்சள் கால். இரண்டும் இல்லையென்றால் வெள்ளை அல்லது இளஞ்சிவப்புக் கால். மேலே மஞ்சள், கீழே கறுப்பு என்றால் பச்சைக் கால். மேலே மஞ்சள் இல்லாமல் கீழே கறுப்பு மட்டும் என்றால் நீலம் கலந்த சாம்பல் கால். பச்சைக் கால் கோழி தனி இனம் என்று சிலர் அதிக விலை சொல்வார்கள். அது இந்த இரண்டு அடுக்கின் கூட்டுதான், எந்த நாட்டுக்கோழியிலும் வரும்.

முழுக் கறுப்புக் கோழிகளுக்குச் செதிலின் மேல்பக்கமும் கருமை ஏறி, அடியில் மஞ்சளா வெள்ளையா என்று தெரியாமல் போகும். அப்போது உள்ளங்காலைத் திருப்பிப் பாருங்கள். ஆஸ்ட்ரலார்ப் என்றால் கால் கறுப்பாக இருந்தாலும் உள்ளங்கால் வெள்ளை. உள்ளங்கால் மஞ்சளாக இருந்தால் ஆஸ்ட்ரலார்ப் என்ற பேச்சை விட்டுவிடலாம்.

முட்டையிடும் கோழியில் மஞ்சள் வடியும். உடம்பில் உள்ள மஞ்சள் நிறப்பொருள் முட்டையின் மஞ்சள் கருவுக்குப் போய்விடுவதால் முதலில் எச்சத்துவாரத்தைச் சுற்றியும், பிறகு கண் வளையத்திலும், பிறகு அலகிலும், கடைசியாகக் காலிலும் வெளுக்கும். முட்டை நின்றதும் அதே வரிசையில் மஞ்சள் திரும்பும். நான்கைந்து மாதமாக விடாமல் முட்டையிடும் லெகார்னின் கால் ஏறக்குறைய வெள்ளையாக இருக்கும். அதை "வெள்ளைக்கால் இனம்" என்று எழுதிவிடாதீர்கள். எச்சத்துவாரம் வெளுத்து, ஈரமாக, அகன்றிருந்தால் காலின் நிறத்தை இன்னொரு நாள் பாருங்கள்.

தீனியும் சேரும். மஞ்சள் நிறம் மக்காச்சோளத்திலிருந்தும் கீரையிலிருந்தும் வருகிறது. கடலூர், பாகூர் பக்கத்தில் நொய்யும் சோறும் தவிடுமே முக்கியத் தீனி என்பதால், மஞ்சள் கால் இனத்துக்கும் கால் மங்கலாக இருக்கும். பண்ணையில் சோளத்தீவனம் தின்ற அதே இனத்தின் படத்தைப் பார்த்துவிட்டு நம் கோழியைக் குறை சொல்ல வேண்டாம்.

விரலை எண்ணுங்கள். சாதாரணமாக நான்கு. ஐந்து இருந்தால் சில்க்கி ரத்தம் இருக்கலாம் என்று குறித்துக்கொள்ளுங்கள். காலில் இறகு முளைத்திருந்தால் பிரம்மா, கொச்சின் போன்ற அழகுக் கோழிகளின் கலப்பு. புதுச்சேரி நகரத்தில் இவை அலங்காரத்துக்காக நிறைய வளர்க்கப்படுகின்றன. அவற்றின் சேவல் பக்கத்துத் தெரு பெட்டையோடு சேர்ந்து பொரித்த குஞ்சுகள்தான் "புது இனம்" என்று சுற்றுகின்றன.

கடைசியாக மார்பு இறகை விலக்கித் தோலைப் பாருங்கள்: வெள்ளையா, மஞ்சளா, கறுப்பா.

6. நிறத்தை எப்படி எழுதுவது

"கலர் கோழி", "கருப்பு மாதிரி" என்று எழுதினால் பயனில்லை. கழுத்து, முதுகு, மார்பு, இறக்கையின் பெரிய இறகு, வால் என ஐந்து இடங்களைத் தனித்தனியே எழுதுங்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு கேள்வி: அடிப்படை நிறம் என்ன, அதன்மேல் என்ன வேலைப்பாடு? வேலைப்பாடு என்பது குறுக்கு வரி, ஓரக்கோடு, நடுக்கோடு, பொடித்தூவல், புள்ளி.

ஆறாவது இடம் ஒன்று உண்டு. முதுகு இறகை விரலால் பிளந்து, தோலை ஒட்டிய பஞ்சின் நிறத்தைப் பாருங்கள். மேலே ஒரே மாதிரி தெரியும் இரண்டு சிவப்புக் கோழிகளைப் பிரிப்பதற்கு அது பெரிய உதவி.

7. நிறவாரியாக முடிவுக்கு வருவது

கறுப்பு. அதிகப் பணம் ஏமாறுவது இதில்தான். இறகை விட்டுவிட்டு நாக்கு, கொண்டை, தோல், உள்ளங்கால் நான்கையும் பாருங்கள். மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவா வட்டாரத்தைச் சேர்ந்த கடக்நாத்துக்குத் தோல் கறுப்பு, நாக்கு கருஞ்சாம்பல், கொண்டையும் தாடியும் கருஞ்சிவப்பு கலந்த கருநீலம், கால் சாம்பல் கறுப்பு. கடக்நாத்தின் இறகு முழுக் கறுப்பாகத்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. கழுத்தில் வெள்ளிக் கோடோ பொன் நிறக் கோடோ உள்ள வகைகளும் உண்டு. 2018-இல் இதன் இறைச்சிக்குப் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு கறுப்பு இறகு உள்ள எல்லாமே சந்தையில் கடக்நாத் ஆகிவிட்டது.

இறகு கறுப்பு, கொண்டை இரத்தச் சிவப்பு, தோல் வெள்ளை என்றால் கடக்நாத் என்ற பேச்சே வேண்டாம். எடை கூடி, பச்சை மினுமினுப்பும் வெள்ளை உள்ளங்காலும் இருந்தால் ஆஸ்ட்ரலார்ப் அல்லது அதன் கலப்பு. காது மடல் பெரிதாக, வெள்ளையாக இருந்தால் மினார்க்கா பக்கம். மஞ்சள் கால், தட்டைக் கொண்டை, நிமிர்ந்த நடை என்றால் கறுப்பு அசில். கட்டுச்சேவல் வளர்க்கிறவர்கள் காகம் என்பார்கள். சிறிய உடம்பு, கழுத்திலும் முதுகிலும் நீல மினுமினுப்பு, சிவப்புக் கொண்டை, கருஞ்சாம்பல் கால் என்றால் தலச்சேரிக் கோழியாக இருக்கலாம். அது மலபார் பகுதியின் இனம். மாஹேயிலிருந்து புதுச்சேரிக்கு வந்து போகிறவர்கள் யாராவது கொண்டுவந்ததா என்று விசாரித்தபின் எழுதுங்கள். மற்றதெல்லாம் கறுப்பு நாட்டுக்கோழி.

தோல் பாதி கறுப்பாக, திட்டுத் திட்டாக இருப்பது கடக்நாத் கலப்பு. இதில் ஒரு சுவாரசியம். கடக்நாத் சேவலை மஞ்சள் கால் பெட்டையோடு சேர்த்தால் பொரிக்கும் பெட்டைக் குஞ்சுகள் கறுத்தும், சேவல் குஞ்சுகள் வெளிறியும் இருக்கும். தோலின் கருமையை அடக்கும் மரபணு தாயிடமிருந்து மகனுக்கு மட்டும் போவதே காரணம். அதனால் கலப்புப் பெட்டை ஒன்று பார்வைக்கு அசல் கடக்நாத் போலவே நிற்கும். சந்தேகம் வந்தால் அதன் கூடப் பிறந்த சேவலைக் காட்டச் சொல்லுங்கள். அதன் காலும் கொண்டையும் வெளிறியிருந்தால் விஷயம் முடிந்தது.

சிவப்பு. ரோட் ஐலண்ட் ரெட் கருஞ்சிவப்பு, மினுமினுப்புடன். வால் கறுப்பு. கழுத்தின் கீழ் நுனியில் சிறிது கறுப்பு. இறகைப் பிளந்தால் அடிவரை சிவப்பு. பழுப்பு முட்டைக்காகப் பண்ணைகளில் வளர்க்கும் லேயர் கோழி இளஞ்சிவப்பு. வாலிலும் இறக்கையிலும் வெள்ளை எட்டிப்பார்க்கும், இறகைப் பிளந்தால் அடிப்பஞ்சு பெரும்பாலும் வெள்ளை. பி.வி. 380 போன்றவை இவ்வகை. இந்த லேயர்களில் குஞ்சிலேயே பெட்டை சிவப்பாகவும் சேவல் வெளிறியும் பிரியும்படி பெற்றோரைச் சேர்த்திருக்கிறார்கள். நீங்கள் வீட்டில் அந்தப் பெட்டையின் முட்டையைப் பொரிக்க வைத்தால் அந்த ஒழுங்கு கலைந்துவிடும். அடையும் அநேகமாக உட்காராது.

சென்னை நந்தனத்துக் கோழியின ஆராய்ச்சி நிலையம் தந்த நந்தனம் கோழி-1 ரோட் ஐலண்டிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டதால் கண்ணால் பிரிப்பது கடினம். எங்கே வாங்கினோம் என்பதே அதற்கு ஆதாரம். செவலை நாட்டுக்கோழிக்கு எடை குறைவு, சிவப்பு ஒரே சீராக இருக்காது, மார்பில் வெளிறும். தட்டைக் கொண்டையும் பொன் கலந்த சிவப்பும் இருந்தால் அசில் வகைகளில் பீலா.

வெள்ளை. பெரிய ஒற்றைக் கொண்டை ஒரு பக்கமாக மடிந்து கண்ணை மறைக்கிறது, காது மடல் வெள்ளை, உடல் ஒல்லி என்றால் வெள்ளை லெகார்ன் வழிவந்த லேயர். முட்டைப் பண்ணைகள் ஏறக்குறைய ஒன்றரை வயதில் கழித்துவிடும் இவை குறைந்த விலைக்குக் கிடைக்கும். அகன்ற மார்பு, தடித்த கால், சிவப்புக் காது மடல் என்றால் கறிக்கோழி. தட்டைக் கொண்டை, ஒட்டிய இறகு என்றால் வெள்ளை அசில், அதை நூரி என்பார்கள். இறகில் ஆங்காங்கே செம்மை கசிந்தால் கவனியுங்கள். லெகார்னின் வெள்ளை நிறம் கறுப்பை நன்றாக மறைக்கும், சிவப்பை அவ்வளவாக மறைக்காது. ஆகவே மார்பிலும் தோளிலும் செம்மை தெரியும் வெள்ளைக் கோழி பெரும்பாலும் லெகார்ன் கலப்பு. செம்மண் கறை இல்லை என்று முதலில் துடைத்துப் பார்த்துவிடுங்கள்.

கீரி நிறம். முதுகில் பழுப்பின் மேல் பொடித்தூவலாகக் கறுப்பு, கழுத்து இறகில் பொன் ஓரமும் கறுப்பு நடுவும், மார்பு இளஞ்செம்மை. நம் பக்கத்துக் கொல்லைகளில் அதிகம் காண்பது இதுதான். செங்காட்டுக்கோழிப் பெட்டையின் நிறமே இது. அதனால் எந்த இனத்தையும் இது குறிக்காது. மூன்றாம், நான்காம், ஐந்தாம் பகுதிகளில் கிடைத்ததை வைத்து மட்டும் முடிவு செய்யுங்கள்.

வரி. ஒவ்வொரு இறகிலும் வெள்ளையும் கறுப்பும் மாறி மாறிக் குறுக்காக ஓடுவது. பிளைமவுத் ராக்கின் வரி பெயர் பெற்றது. மேம்படுத்தப்பட்ட பலநிறக் கோழிகளிலும் வரி வரும். இந்த மரபணு சேவலுக்கு இரண்டு பங்கு கிடைக்கலாம், பெட்டைக்கு ஒன்றுதான். அதனால் அதே இனத்தில் சேவல் வெளிறியும் பெட்டை கறுத்தும் தெரியும். இரண்டும் வேறு வேறு இனம் என்று பிரித்து விற்றவர்கள் உண்டு.

சாம்பல். சாம்பல் கோழியும் சாம்பல் சேவலும் சேர்ந்தால் குஞ்சுகளில் ஏறக்குறையப் பாதி சாம்பல், கால் பங்கு கறுப்பு, கால் பங்கு வெள்ளையில் கறை தெளித்தது போலப் பொரிக்கும். ஆகவே சாம்பல் ஒரு இனத்தின் அடையாளமாக நிலைக்க முடியாது.

பல நிறம். வனராஜா, கிராமப்பிரியா (இரண்டும் ஐதராபாத் கோழி ஆராய்ச்சி இயக்குநரகம்), கிரிராஜா (கர்நாடகம்) எல்லாமே வேண்டுமென்றே பலநிறமாக உருவாக்கப்பட்டவை. நாட்டுக்கோழி போலத் தெரிந்தால்தான் கிராமத்தில் விற்கும் என்பது ஒரு காரணம். அரசுத் திட்டத்திலோ குஞ்சு பொரிப்பகத்திலோ வாங்கிய குஞ்சு என்றால் வாங்கிய ரசீதை நம்புங்கள், இறகை அல்ல. சந்தையில் "அசில் கிராஸ்" என்று வருவதும் இந்தக் கூட்டத்தில்தான் சேரும்.

8. இனம் என்று நினைத்துவிடும் குணங்கள்

கழுத்து மொட்டையாக இருப்பது (கழுத்தறுத்தான் கோழி), இறகு சுருண்டு நிற்பது, தலையில் குடுமி, குட்டைக் கால், வால் இல்லாமை. இவை எல்லாம் தனித்தனி மரபணுக்களின் வேலை. எந்த நாட்டுக்கோழிக் கூட்டத்திலும் தலைகாட்டும். கழுத்து மொட்டைக் கோழியில் கழுத்தின் முன்பக்கம் ஒரு இறகுக் கொத்து இருந்தால் அதற்கு அந்த மரபணு ஒரு பங்குதான் இருக்கிறது. சாதாரணச் சேவலோடு சேர்த்தால் குஞ்சுகளில் பாதி முழுக் கழுத்தோடு பொரிக்கும். நோட்டில் இனத்துக்குப் பக்கத்தில் "குணம்" என்று தனிக் கட்டம் போட்டு எழுதிவையுங்கள்.

9. முட்டையும் ஒரு சாட்சி

வெள்ளை முட்டை என்றால் லெகார்ன் பக்கம். நல்ல பழுப்பு என்றால் ரோட் ஐலண்ட், ஆஸ்ட்ரலார்ப், பழுப்பு லேயர். சந்தன நிறம் நாட்டுக்கோழி, அசில், கடக்நாத் மூன்றுக்கும் பொது. கடக்நாத் கறுப்பு முட்டையிடும் என்பது கதை. அந்தக் கோழிதான் இட்டது என்று தெரிந்த முட்டையை மட்டும் கணக்கில் எடுங்கள். ஒரே கூடையில் நான்கு கோழி இடும் வீட்டில் அதைத் தனியாக ஒரு நாள் அடைத்து வைக்க வேண்டும்.

10. நோட்டில் எழுதும் மாதிரி

பாகூர்ப் பக்கத்து வீடொன்றில் "கடக்நாத்" என்று வாங்கிய பெட்டையைப் பார்த்தால் குறிப்பு இப்படி இருக்கும்:

வயது ஏறக்குறைய ஒரு வருடம். எடை 1 கிலோ 650 கிராம். நடை கிடை. ஒற்றைக் கொண்டை, ஐந்து பல், நிறம் சிவப்பில் கருமை படர்ந்தது. காது மடல் சிவப்பு, ஓரத்தில் சாம்பல். அலகு வெட்டவில்லை. கால் கருஞ்சாம்பல், உள்ளங்கால் வெளிர் மஞ்சள், விரல் நான்கு. தோல் சாம்பல், தொடையில் வெள்ளைத் திட்டு. நாக்கின் நுனி வெள்ளை. இறகு முழுக் கறுப்பு, கழுத்தில் நாலைந்து செம்மை இறகு. முட்டை சந்தன நிறம். முடிவு: கடக்நாத் கலப்பு. உறுதி: அதிகம். காரணம்: திட்டுத் தோல், மஞ்சள் உள்ளங்கால், நாக்கு.

முடிவை மூன்றில் ஒன்றாக மட்டும் எழுதுங்கள்: இன்ன இனம், இன்னதன் கலப்பு, நாட்டுக்கோழி. மூன்றாவதை எழுத யாருக்கும் மனம் வருவதில்லை. ஆனால் கொல்லையில் தலைமுறை தலைமுறையாகக் கலந்து பெருகிய கோழிக்கு அதுதான் சரியான பதில். அடை உட்கார்ந்து, குஞ்சைக் காகத்திடமிருந்து காப்பாற்றி வளர்க்கும் சிறுவிடைப் பெட்டைக்கு வேறு பெயர் தேட வேண்டிய அவசியமும் இல்லை.

11. இன்னும் சந்தேகம் இருந்தால்

இரண்டு வழி உண்டு. ஐந்து போட்டோவையும் நோட்டையும் எடுத்துக்கொண்டு விருத்தாசலத்திலோ குரும்பாபேட்டிலோ உள்ள வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ, குரும்பாபேட்டில் உள்ள ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனத்துக்கோ போகலாம். கோழியைத் தூக்கிக்கொண்டு போவதைவிடப் போட்டோவோடு போவது நல்லது, வழியில் நோய் ஒட்டிக்கொள்ளாது.

மற்றது குஞ்சு பொரித்துப் பார்ப்பது. அதே இனம் என்று உறுதியாகத் தெரிந்த சேவலோடு சேர்க்க வேண்டும். இங்கே எல்லோரும் தடுக்குவது ஒரே இடத்தில். பெட்டையின் உடம்பில் பழைய சேவலின் விந்து இரண்டு மூன்று வாரம் உயிரோடு இருக்கும். புதுச் சேவலோடு விட்ட மறுநாளே முட்டையை அடைக்கு வைத்தால் தெருச் சேவலின் குஞ்சுதான் பொரிக்கும். முதலில் பெட்டையை மூன்று வாரம் தனியாக அடைத்து வையுங்கள். பிறகு சேவலை விடுங்கள். ஒரு வாரம் கழித்து இடும் முட்டைகளைப் பென்சிலால் தேதி போட்டு எடுத்து வையுங்கள். ஒரு வாரத்தில் சேர்ந்தவற்றை வேறொரு அடைக்கோழிக்குக் கீழே வைக்கலாம். முட்டை ஒரு வாரத்துக்கு மேல் பழையதாக வேண்டாம், கோடையில் அதற்கும் குறைவாகவே வைத்திருங்கள்.

21-ஆம் நாள் பொரிக்கும் குஞ்சுகளின் தோலை அன்றே பார்த்து எழுதுங்கள், கால் நிறத்தையும் இறகின் நிறத்தையும் ஆறு மாதம் கழித்து எழுதுங்கள். எல்லாக் குஞ்சும் ஒரே மாதிரி வந்தால் பெட்டை அந்த இனம் என்று சொல்ல ஓரளவு ஆதாரம் கிடைத்துவிட்டது. ஒன்றிரண்டு குஞ்சு மட்டும் கால் நிறத்திலோ கொண்டையிலோ விலகினாலும் நோட்டில் "கலப்பு" என்று திருத்துங்கள். ஆறு குஞ்சுக்குக் குறைவாகப் பொரித்திருந்தால் எந்தப் பக்கமும் முடிவு சொல்லாமல் இன்னொரு அடை வைத்துப் பாருங்கள்.